எட்டு ஐம்பதுக்கு வரவேண்டிய கத்தரிக்காய்

பேருந்துப் பணிமனையின் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவரைத் தெருவில் எல்லாரும் அட்டவணையார் என்றே அழைத்தார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை. அவருடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். ஏழு திசைகளிலிருந்து வரும் ஏழு பேருந்துகளும் காலை எட்டு ஐம்பதுக்கு நடு நிலையத்தில் ஒன்றாக வந்து நிற்கவேண்டும். அதற்கு எந்த வண்டி எப்போது கிளம்பவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடுவார். அவருடைய காகிதத்தில் ஒரு வண்டிகூட ஒரு நிமிடம் தாமதித்ததில்லை. சாலையில் தாமதித்தது உண்டு. அது ஓட்டுநர்களின் குற்றம்.

ஓய்வுபெற்ற நாளில் பணிமனை அவருக்கு ஒரு பிரம்பு நாற்காலி பரிசளித்தது. அது முதலில் வீட்டின் முன்னறையில் இடம்பெற்றது. மகன் அந்த அறையில் கார் ஓட்டும் பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தைத் திறந்ததும் நாற்காலி நடைவழிக்கு வந்தது. நடைவழியில் பயிற்சிக்கு வருபவர்களின் செருப்புகள் குவிந்ததும் சமையலறை வாசலுக்குப் போனது. அங்கே அவர் மனைவியின் கால் மூன்று முறை இடறியது. நான்காம் முறை இடறியபோது நாற்காலி வீட்டின் பின்புறம், துணி காயும் கொடிக்குக் கீழே, வெறும் மண்தரையில் போய் நின்றது. இருபதடிக்குப் பதினான்கடி நிலம். அதற்கு அப்பால் மதிலும், பின்சந்துக்குத் திறக்கும் அகலமான கதவும்தான்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன், "அப்பா, பள்ளிக்கு ரெண்டாவது கார் எடுக்கறேன். நிறுத்த இடம் வேணும். பின்னாடி சும்மாத்தானே கிடக்கு, சிமெண்ட் தரை போட்டுடலாம்னு பாக்கறேன்" என்று சொன்னபோது, அட்டவணையார் தம் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"சும்மா கிடக்கலை. அங்க காய்கறித் தோட்டம் போடப்போறேன்."

வீட்டில் யாரும் இந்தச் செய்தியை அதற்குமுன் கேட்டதில்லை. அவரும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்.

"தோட்டமா?" என்றார் மனைவி. "ஜன்னல்ல வெச்ச செடிக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்தச் சொன்னா, காலையிலயா சாயங்காலமான்னு ஒரு வாரம் யோசிச்ச மனுஷன் நீங்க. அதுக்குள்ள அது செத்தே போச்சு."

"அதுக்கு யாரும் எனக்கு நேரம் குறிச்சுக் கொடுக்கலை."

மருமகள் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். எந்த மாத்திரை எந்த மாதத்தோடு உயிரைவிடும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். தேதியில்லாத எதையும் நம்பமாட்டாள். மாமனாருக்கும் கணவனுக்கும் நடுவே புகுந்து அவளே தீர்ப்பு வழங்கினாள்.

"மாமா, தொண்ணூறு நாள் எடுத்துக்குங்க. தொண்ணூறாவது நாள் மதியச் சாப்பாட்டுக்குக் காய் முழுக்க நம்ம மண்ணுலேர்ந்து வரணும். வந்தா இடம் உங்களுக்கு. வரலைன்னா மறுநாள் கொத்தனார் வருவார். சரியா?"

"என்னென்ன காய்?"

"ஆளுக்கு ஒண்ணு. எனக்கு வெண்டைக்காய்."

"எனக்கு முள்ளங்கி" என்றான் மகன்.

"தக்காளி இல்லாம நான் அடுப்பே பத்தவைக்கமாட்டேன்" என்றார் மனைவி.

"எனக்குக் கத்தரிக்காய்" என்றார் அட்டவணையார். வாய் அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார். "நாலும் ஒரே நாள்ல வரும். காலை எட்டு ஐம்பதுக்கு."

மருமகள் ஒரு மாத்திரை உறையின் பின்பக்கத்தில் இதை அப்படியே எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டிவைத்தாள். மகன் அன்றே கொத்தனாருக்குச் சொல்லிவிட்டான்; காருக்கும் பதிவுசெய்துவிட்டான். அறுபது நாளில் வண்டி கைக்கு வந்துவிடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் அட்டவணையார் சந்தைத் தெருவில் இருந்த விதைக்கடைக்குப் போனார். கடையை நடத்துபவள் நடுவயதுப் பெண். ஒரு பக்கம் பளபளக்கும் உறைகளில் கம்பெனி விதைகள். மறு பக்கம் அவளே விவசாயிகளிடம் வாங்கிக் காகிதத்தில் மடித்துவைத்த நாட்டு விதைகள்.

"வாங்கய்யா. கத்தரியா? நீளமா, உருண்டையா, முள்ளு இருக்கறதா? வெயில் வருது, இந்தப் பச்சை வரிக் கத்தரி தாங்கும். ருசியும் நல்லாருக்கும்."

"எத்தனை நாள்?"

"என்னது எத்தனை நாள்?"

"காய்க்க எத்தனை நாள்னு இதுல போடலையே."

"அது அதுபாட்டுக்குக் காய்க்கும்யா. மண்ணு, தண்ணி, வெயில் பாத்து…"

அதுபாட்டுக்கு வரும் வண்டியை அட்டவணையார் முப்பத்தோராண்டுகளில் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. காகித மடிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, பளபளக்கும் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதிலிருந்த எண்களை மட்டும் பார்த்தார். தக்காளி எழுபது. உருண்டை ஊதாக் கத்தரி அறுபத்தைந்து. வெண்டை ஐம்பது. முள்ளங்கி முப்பது. செடி உயரமா குட்டையா, கொடியா புதரா, வெயிலுக்கு ஆகுமா, மழைக்கு ஆகுமா என்ற விவரமெல்லாம் அவருடைய கண்ணுக்குப் பயணிகளின் உடை நிறத்தைப்போல வேண்டாத செய்தி.

"ஐயா, அந்த நாள் கணக்கு இருக்கே, அது எங்கேர்ந்துன்னா…" என்று அவள் தொடங்கினாள்.

அட்டவணையார் வலது கையை உயர்த்தினார். எத்தனையோ ஓட்டுநர்களின் விளக்கங்களை நடுவழியில் நிறுத்திய கை அது.

"கணக்கு மட்டும் எனக்குச் சொல்லாதீங்கம்மா."

அவள் நான்கு உறைகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

அன்று மாலை சமையலறைக் கதவில் ஒரு பெரிய தாள் ஏறியது. சிவப்பு மையில் கோடு, நீல மையில் எழுத்து. புறப்பாடு, வருகை என்று இரண்டு பத்திகள். தக்காளி: இருபதாம் நாள் புறப்பாடு. கத்தரி: இருபத்தைந்து. வெண்டை: நாற்பது. முள்ளங்கி: அறுபது. வருகைப் பத்தியில் நான்கு வரியிலும் ஒரே செய்தி: தொண்ணூறாம் நாள், 8.50. மருமகள் அதைப் பார்த்து அசந்துபோனாள் என்றே சொல்லவேண்டும். அத்தனை அழகான தாள் அது.

அதன்பின் அவர் ஒரே நாளில் மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. இதமான வெயிலும் இரவில் ஈரக்காற்றுமாக, எந்த விதையையும் முளைக்கவைக்கும் அருமையான நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வெறும் பாத்திகளைக் கடந்து போயின.

"என்னங்க, மண்ணைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா அது வெக்கப்பட்டுக் காய்க்குமா?" என்றார் மனைவி, ஈரத்துணியை உதறியபடி.

"வண்டி கிளம்பற நேரம் இன்னும் ஆகலை."

"இப்பவே தக்காளியைப் போட்டா என்னவாம்? சீக்கிரம் வந்துட்டுப் போகட்டுமே."

"சீக்கிரம் வந்து? மத்த மூணும் வர்ற வரைக்கும் அது எங்க நிக்கும்? நிலையத்துல இடம் அடைச்சுக்கிட்டு நிக்கும். தாமதத்தைவிடக் கெட்டது அது."

மனைவி உதறிய துணியின் நீர் அவர் முகத்தில் தெறித்தது. தற்செயல் என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

இருபதாம் நாள் காலை அட்டவணையார் குளித்து, கைக்கடிகாரம் பார்த்து, தக்காளி விதைகளைத் தட்டில் இருந்த மண்ணில் தூவினார். ஐந்து நாள் கழித்துக் கத்தரி. நாற்பதாம் நாள் வெண்டை, நேராகப் பாத்தியில். ஒவ்வொரு பாத்தியின் தலைப்பிலும் ஒரு குச்சி நட்டு, அதன் உச்சியில் காலி விதை உறையைப் பெயர்ப்பலகைபோலச் செருகினார். விதைகள் முளைத்தன. அவர் தட்டைக் கையில் ஏந்தி முன்னறைவரைக்கும் போய், பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு பெண்களுக்குக் காட்டிவிட்டு வந்தார்.

"அப்பா, அவங்களுக்கு இன்னிக்குப் பின்னாடி போறது எப்படின்னு வகுப்பு" என்றான் மகன்.

"நல்லது. அதுதான் எல்லாத்துக்கும் அடிப்படை. முடிவுலேர்ந்து பின்னாடியே வரணும்" என்றார் அட்டவணையார், அந்தப் பெண்களிடம்.

தட்டில் இருந்த தக்காளி நாற்றுகளை நாற்பத்தைந்தாம் நாளும் கத்தரி நாற்றுகளை ஐம்பத்தைந்தாம் நாளும் பாத்திக்கு மாற்றினார். ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறுவதுபோல இதுவும் ஒரு சிறு மாற்றம் என்பதற்கு மேல் அதைப்பற்றி அவர் சிந்திக்கவில்லை. விரலுயரக் கத்தரி நாற்றுகளை மனைவி குனிந்து பார்த்தார்.

"இன்னும் முப்பத்தஞ்சு நாள்ல இதுவா காய்க்கப்போகுது? இதுக்கு இன்னும் பல்லே முளைக்கலையே."

"தாள்ல இருக்கு" என்றார் அவர். ஆனால் அன்று அதைச் சற்று மெதுவாகச் சொன்னார்.

அறுபதாம் நாள் முள்ளங்கி விதைக்கக் குனிந்தபோது, அனல்காற்று ஒன்று வீசி, கத்தரிப் பாத்தியின் பெயர்ப்பலகையைத் திருப்பிப் போட்டது. உறையின் முதுகு அவர் முகத்துக்கு நேரே நின்றது. எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்து. உள்ளே போய் மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து படித்தார். 'நாள் கணக்கு நாற்று நட்ட நாளிலிருந்து.' தக்காளியின் உறையைத் திருப்பினார். அதிலும் அதே வரி.

விதை தட்டில் விழுந்த நாளை அல்ல, நாற்று பாத்தியில் இறங்கிய நாளைத்தான் அந்த எண் புறப்பாடாகக் கொண்டிருந்தது. வண்டி நிலையத்திலிருந்து கிளம்பும் நேரத்தை எழுதவேண்டிய இடத்தில், பணிமனையில் ஓட்டுநர் பல்துலக்கிய நேரத்தை எழுதிவிட்டார் அட்டவணையார். தக்காளி நூற்றுப் பதினைந்தில் வரும். கத்தரி நூற்றிருபதில்.

வெயிலோடு வெயிலாக விதைக்கடைக்குப் போய் நின்றார். கடைக்காரி அவரைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"அன்னிக்கே சொல்ல வந்தேன்யா. நீங்க கையைக் காட்டினீங்க."

"காட்டினேன்" என்று சொல்லி, விதைத்த நாளையும் நட்ட நாளையும் வரிசையாக ஒப்பித்தார்.

"வெண்டை, முள்ளங்கி நேரா விதைக்கறது. அதுக்கு விதைச்ச நாள்லேர்ந்து எண்ணணும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாத்துவிட்டு நடறது. அதுக்கு நட்ட நாள்லேர்ந்து. போதாக்குறைக்கு முதல் இருபது நாளை வேற விட்டுட்டீங்க. அப்பவே போட்டிருந்தா தக்காளி வெயிலுக்கு முன்னாடியே பிஞ்சு விட்டிருக்கும். இப்ப அனல்ல பூவெல்லாம் உதிரும், பாருங்க. முள்ளங்கியும் இந்த வெயில்ல கிழங்கு வைக்காது, பூத்து நிக்கும்."

"அப்ப தோத்துட்டேன்னு சொல்றீங்க."

"ஒரு கதை சொல்லவா? ஒரு அணில் இருந்துச்சாம். மரம் மரமா ஏறி, நீ இன்ன தேதி பழுக்கணும், நீ இன்ன தேதி பழுக்கணும்னு பல்லால கீறி வெச்சுதாம். தேதி வந்துச்சு, பழம் வரலை. மரமெல்லாம் என்னை ஏமாத்திடுச்சுன்னு காடு முழுக்கப் போய்ச் சொல்லிச்சாம். ஒரு மரம் மட்டும் கேட்டுச்சாம்: நீ கீறினது என்னிக்கு, நான் பூத்தது என்னிக்கு?"

"அணில் என்ன பதில் சொல்லிச்சு?"

"பதில் எங்க சொல்றது? அது பசியில படுத்துருச்சு."

அட்டவணையார் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவில் இருந்த தாளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். உறையைத் திருப்பி வைத்துவிட்டால் யாரும் கவனிக்கப்போவதில்லை. செடிமேலும் வெயில்மேலும் பழியைப் போட்டுவிடலாம். ஓட்டுநர்கள்மேல் போட்டுப் பழகியவருக்கு அது பெரிய காரியமில்லை. அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். தக்காளிக்கும் கத்தரிக்கும் நேரே, தம் வாழ்நாளில் எந்த அட்டவணையிலும் எழுதியிராத சொல்லை எழுதினார்: தாமதம். சற்று யோசித்துப் பக்கத்திலேயே சிறிய எழுத்தில் சேர்த்தார்: தவறு அட்டவணைப் பிரிவினுடையது.

அதை முதலில் பார்த்தவர் மனைவி. கேலிக்கு அதைவிட நல்ல நாள் அவருக்கு வாய்த்திராது. ஆனாலும் அன்று மாலை ஒரு பழைய வேட்டியை எடுத்துவந்து, கத்தரிப் பாத்திக்கு மேலே நிழலுக்காகக் கட்ட ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூறாம் நாள் விடிந்தது. காலை எட்டு ஐம்பதுக்கு நால்வரும் பின்புறம் கூடினார்கள். வெண்டை மட்டும் அனலைக் குடித்துக் கொழுத்து நின்றது. அட்டவணையார் இருபத்தொரு காய்கள் பறித்தார். முள்ளங்கிச் செடிகள் வெள்ளைப் பூக்களோடு நிமிர்ந்து நின்றன. பிடுங்கிப் பார்த்தால் அடியில் எலிவாலைப்போல ஒரு வேர். தக்காளியின் பூக்கள் மண்ணில் கிடந்தன. கத்தரியில் ஊதாப் பூ ஒன்றே ஒன்று, அதுவும் கூச்சத்தோடு தலைகுனிந்திருந்தது.

"நாலுல ஒண்ணு" என்றார் அட்டவணையார். அவரே நாற்காலியைத் தூக்கினார். எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார். "எழுதினது எழுதினதுதான். கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லு."

மகன் தரையைப் பார்த்தான். அவன் முகத்தில் வென்றவனுக்குரிய களை இல்லை.

"வரச் சொல்லி என்ன பண்றது? கார் இன்னும் வரலை."

"அறுபது நாள்தானே சொன்னாங்க?" என்றாள் மருமகள். "தொண்ணூறு ஆச்சே!"

"நேத்து போய் சண்டை போட்டேன். அறுபது நாள்ங்கறது பதிவுசெஞ்ச நாள்லேர்ந்து இல்லையாம். எல்லாக் காகிதமும் சரிபார்த்து ஒப்புதல் வந்த நாள்லேர்ந்தாம். ஒப்புதலே போன மாசம்தான் வந்துச்சாம்."

அட்டவணையார் மகனை ஏறிட்டுப் பார்த்தார். முப்பத்தோராண்டு அதிகாரம் ஒரு கணம் அவர் குரலில் எட்டிப் பார்த்தது.

"படிவத்தைத் திருப்பிப் பாத்தியா?"

"பின்னாடி என்னமோ பொடி எழுத்துல இருந்துச்சு."

"எறும்பு மாதிரியா?"

"ஆமா."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சமையலறையிலிருந்து வந்த சிரிப்பு மதில்வரைக்கும் கேட்டது. "அப்பன் கணக்கும் பிள்ளை கணக்கும் ஒரே அச்சுல வார்த்தது!"

மறுநாள் கொத்தனார் சொன்னபடி வந்துவிட்டார். அந்தத் தொண்ணூறு நாளில் சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே ஆள் அவர். அளவுநாடாவை நிலத்தின்மேல் நீட்டினார், பாத்திகளைத் தாண்டித் தாண்டிப் போனார், பிறகு மகனிடம் கேட்டார்.

"வண்டி எவ்வளவு நீளம் தம்பி?"

"பதிமூணடி இருக்கும்."

"அகலம்?"

"ஆறுக்குள்ள."

"அதுக்கு எதுக்கு மொத்த நிலத்துக்கும் சிமெண்ட்? மதிலோரம் சக்கரம் ஓடற ரெண்டு பட்டை போட்டா போதாதா? வண்டி சக்கரத்துல நிக்குதா, வயித்துல நிக்குதா?"

தந்தையும் மகனும் தொண்ணூறு நாளும் நாட்களைத்தான் எண்ணினார்களே தவிர, நிலத்தை ஒருவரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

மருமகள் குளிர்பதனப் பெட்டியிலிருந்த மாத்திரை உறையை எடுத்துவந்தாள். "இது நேத்தோட காலாவதி" என்று சொல்லிக் கிழித்துப்போட்டாள்.

நூற்றிருபத்திரண்டாம் நாள் முதல் கத்தரிக்காய் வந்தது. பத்து மணியளவில், யாரும் எதிர்பாராதபோது. அதற்கு ஒரு வாரம் முன்பே கார் வந்து, மதிலோரத்து இரண்டு பட்டைகளின்மேல் நின்றிருந்தது. தக்காளியோ முதல் மழைக்குப் பிறகே மனம் வைத்தது.

பட்டைகளுக்கு நடுவே இரண்டரையடி அகலத்தில் நீளமாக மண் மிச்சமிருந்தது. அட்டவணையார் இம்முறை முதலில் விதைக்கடைக்காரியிடம் போய், கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். வண்டியின் அடிவயிற்றைத் தொடாத குட்டைக் கீரை ரகம் ஒன்றை அவள் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். எத்தனை நாள் என்று அதில் போடவில்லை. அவரும் கேட்கவில்லை. வாரம் ஒரு பிடி தூவச் சொன்னாள். வாரம் ஒரு பிடி தூவுகிறார்.

ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. வண்டி நின்றால் கீரைக்கு வெயில் கிடைக்காது.

இப்போது சமையலறைக் கதவில் ஒரு புதிய தாள் இருக்கிறது. அதில் காய்கறிகளின் பெயரே இல்லை. புறப்பாடு 8.50, வருகை 5.10 என்று காருக்கு மட்டும் நேரம் குறித்திருக்கிறது. மகன் எட்டு ஐம்பத்திரண்டுக்குச் சாவியைத் தேடிக்கொண்டு வருவான். வண்டியின் பக்கத்திலேயே பிரம்பு நாற்காலியில் அட்டவணையார் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார்.

"ரெண்டு நிமிஷம் தாமதம்."

"செருப்பு கிடைக்கலைப்பா…"

அவருடைய வலது கை உயரப் பார்க்கும். பாதியில் இறங்கிவிடும்.

"சரி, சொல்லு" என்பார். "ஆனா வண்டியை எடுத்துக்கிட்டே சொல்லு. கீரை காத்துக்கிட்டிருக்கு."